பாலத்தில் நான் படித்த விளம்பரம்

பிள்ளைகளே, உங்கள் அப்பா இரண்டு மாதம் ஊரை ஏமாற்றிய கதை இது. அப்போது எனக்குத் தாராவியில் ஒரு தோல் கிடங்கில் வேலை. இரைப்பு நோய் இருப்பது தெரிந்தால் வேலை போய்விடும் என்று பயம். உங்கள் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. மாட்டுங்கா ரயில் பாலத்தில் ஏறும்போது பாதிப் படியில் மூச்சு முட்டும். கிடங்கு ஆட்கள் பார்த்துவிடுவார்களே என்று, அங்கே ஒட்டியிருந்த குஜராத்தி விளம்பரத்தைப் படிப்பதுபோல் நிற்பேன். எனக்குக் குஜராத்தியில் ஓர் எழுத்தும் தெரியாது.

தினமும் பக்கத்தில் நின்று குடையைச் சரிசெய்கிற ஒருவர் உண்டு. குஜராத்தி சேட்டுக் கடையில் வேலை பார்க்கிற நம் ஊர்க்காரர். ஒருநாள் அவர் கேட்டார்.

"அண்ணாச்சி, தெனமும் இதையே படிக்கியளே, எத்தனை மாசம்?"

"என்னது?"

"இது பிள்ளைத்தாச்சி லேகியம்லா!"

நான் சட்டென்று விளம்பரத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டேன்.

"வெக்கப்படாதிய. எனக்கும் இரைப்புதான். இல்லேன்னா நல்ல கொடையை எதுக்குத் தெனமும் ரிப்பேரு பண்ணுதேன்?"

இருவரும் சிரித்தோம். சிரித்த சிரிப்பில் மூச்சு வாங்கி, ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். நோயைவிட அதை மறைக்கிற பாடுதான் என்னை அதிகம் களைப்பாக்கியிருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது.

மறுநாள் அவர் வரவில்லை. நான் தனியாகப் பாலம் ஏறினேன். பாதியில், எல்லாரும் பார்க்கப் படியில் உட்கார்ந்து, ஆசை தீர மூச்சு வாங்கினேன்.