அந்த சர்க்காரும் இந்த சர்க்காரும் அக்காளுக்குச் செய்தது

எங்கள் அக்காள் கர்த்தருக்குள் நித்திரை அடைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்கு எழுதும்படி அக்காளின் பிள்ளைகள் கேட்டபோது, "நல்லதா நாலு வார்த்தை எழுதுங்க சித்தி" என்றார்கள். அக்காளைப் பற்றிச் சொல்ல என்னிடம் நல்லது மட்டும்தான் உண்டு. அக்காளுக்கு நடந்தவற்றைப் பற்றி அப்படி எழுத எனக்கு வராது. வாசிப்பவர்களில் சிலருக்குக் கசந்தால் கசக்கட்டும்.

விளவங்கோடு தாலுகாவில், குழித்துறை ஆற்றுக்கு அருகே பிறந்தோம். அப்பா சந்தையில் வாழைக்குலை வியாபாரம் செய்தார்கள். அக்காள் பள்ளியில் படித்தபோது நாடு விடுதலை பெற்றுச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. எங்கள் பகுதி அப்போது திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. வீட்டில் பேச்சும் ஜெபமும் தமிழ்தான். பள்ளியிலும் தமிழ் வகுப்பு ஒன்று நடந்துவந்தது. அதை மூடினால் மேலே உள்ளவர்களிடம் நல்ல பெயர் கிடைக்கும் என்று பள்ளித் தாளாளர் கணக்குப் போட்டார். வகுப்புக்கே வந்து, தாய்மொழி என்ன என்று ஒவ்வொரு பிள்ளையாக எழுப்பிக் கேட்டார். முன்கூட்டியே வீடு வீடாகச் சொல்லி வைத்திருந்ததால் எல்லாரும் மலையாளம் என்றார்கள். அக்காள் மட்டும் தமிழ் என்றார்கள்.

"யோசிச்சுச் சொல்லு பிள்ளே."

"எங்கம்மைக்க பாஷை எனக்குத் தெரியாதா சார்?"

அக்காளை வகுப்புக்கு வெளியே நிறுத்தினார்கள். அப்பாவை வரவழைத்து, "ஒரு பெட்டப்பிள்ளைக்காக ஒரு கிளாஸ் நடத்த முடியுமாவேய்?" என்று கேட்டார் தாளாளர். தமிழ்ப் பகுதிகளைப் பிரிக்க வேண்டும் என்று பேசியவர்களைப் போலீஸ் தேடிப் பிடித்துக்கொண்டிருந்த காலம் அது. அப்பா பயந்துபோனார்கள்.

"மக்கா, எந்தப் பாஷையிலயாவது படி. படிப்ப மட்டும் விட்டிராத."

அக்காள் மலையாளத்தில் படித்தார்கள். வீம்புக்காகவே நன்றாகப் படித்தார்கள். ஆசிரியப் பயிற்சியையும் அதிலேயே முடித்து ஊர் திரும்பியபோது எல்லை மாறி, எங்கள் தாலுகா தமிழ் மாநிலத்தில் சேர்ந்திருந்தது. அதே பள்ளியில் வேலை கேட்டுப் போனார்கள். துணைக்கு நானும் போனேன். அதே தாளாளர்தான் இருந்தார். அந்த இணைப்பின் வெற்றி ஊர்வலத்தில் முன்வரிசையில் நடந்தவர் என்று அதற்குள் பேரும் வாங்கியிருந்தார்.

"நீ மலையாளத்துல படிச்சவ. தமிழ்ப் பிள்ளையளுக்கு என்னத்தச் சொல்லிக்குடுப்ப?"

"என்னை மலையாளத்துக்கு மாத்துனதே நீங்கதான சார்?"

"அது அந்த சர்க்கார். இது நம்ம சர்க்கார்."

இதைச் சொல்லும்போது அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை. சபையில் மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கம் கேட்கும் ஒவ்வொரு முறையும் அந்த முகம்தான் நினைவுக்கு வருகிறது.

மறுநாள் காலையில் அக்காள், "ஏட்டி, உனக்க தமிழ்ப் புஸ்தகத்த எடுத்துக்கிட்டு வா" என்றார்கள். பயிற்சி முடித்த ஆசிரியை, பள்ளிக்கூடப் பிள்ளையான என்னோடு உட்கார்ந்து இலக்கணம் படித்தார்கள். தேர்வை மறுபடியும் தமிழில் எழுதித் தேறி, கீரிப்பாறைப் பக்கம் ரப்பர் தோட்டத் தொழிலாளர் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் வேலை பெற்றார்கள்.

அங்கே சில பிள்ளைகள் வீட்டில் மலையாளம் பேசுகிறவர்கள். தண்ணீரை 'வெள்ளம்' என்று கேட்ட ஒரு சிறுமியை, உடன் வேலை பார்த்த ஆசிரியர் ஒருவர் பிரம்பால் அடித்தார். தமிழ் வளர்க்கிறாராம். அக்காள் போய்த் தன் கையை நீட்டினார்கள்.

"எங்க வீட்டுத் தமிழ்லயும் வெள்ளம்தான் சார். என்னையும் அடியுங்க."

அந்தப் பிள்ளைகளுக்கு முதலில் மலையாளத்தில் விளக்கி, பிறகு தமிழ் சொல்லிக்கொடுத்தார்கள். அது குற்றமாயிற்று. 'மலையாளத்தாரின் ஆள்' என்று மேலே மனு போயிற்று. அதற்குள் மணமாகியிருந்த அக்காள், கைக்குழந்தையோடு கடற்கரை ஊரான கடியப்பட்டணம் பக்கம் மாற்றப்பட்டார்கள். தமிழ் என்று சொன்னதற்கு ஒரு தண்டனை, மலையாளம் பேசியதற்கு ஒரு தண்டனை. இரண்டு முறையும் ஊர் வாயை மூடிக்கொண்டிருந்தது.

கடற்கரைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தபடியே ஓய்வு பெற்றார்கள். கடைசியில் படுக்கையில் இருந்தபோது, தாளாளரின் பேரன் வந்தார். பள்ளியின் ஆண்டு விழாவுக்கு, 'தமிழ் காத்த வீராங்கனை' என்று அக்காளின் படத்தைப் போட்டு ஃப்ளெக்ஸ் வைக்கப் போவதாகச் சொன்னார்.

"உனக்க தாத்தா எனக்கு வேலை தரமாட்டேன்னு சொன்னது தெரியுமா மக்கா?"

"அதெல்லாம் பழைய காரியம் டீச்சர்."

"எனக்குப் பழசாகல்ல. படம் வைக்காத."

அடக்க நாளன்று எங்கள் வாசலிலேயே அந்த ஃப்ளெக்ஸ் நின்றது. கீழே அந்தப் பேரனுடைய படம், அக்காளின் படத்தைவிடப் பெரிதாக.

அக்காளை நோயில் தாங்கிய பக்கத்து வீட்டுப் பெண்களுக்கும், குளிப்பாட்டி உடுத்திவிட்ட நர்ஸ் பிள்ளைக்கும், கடற்கரையிலிருந்து வந்து பெட்டியைச் சுமந்த பழைய மாணவர்களுக்கும், ஜெபித்த போதகருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அந்த ஃப்ளெக்ஸை அறுத்து இறக்க எனக்கு அரிவாள் எடுத்துத் தந்த எதிர்வீட்டுக்காரருக்கும் நன்றி.

— தங்கை