எட்டரைக்கு விழ வேண்டிய பெயர்

ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே, ஒரு சாப்பாட்டுக் கடையின் மாடியில் நான் இன்டர்நெட் கடை வைத்திருந்தேன். நாலு கம்ப்யூட்டர், ஒரு டெலிபோன் லைன். மழை வலுத்தால் லைன் போய்விடும், அங்கே மழை வலுக்காத மாதம் குறைவு. வெளிநாட்டில் பிள்ளைகள் இருப்பவர்களுக்குக் கடிதம் அடித்துக் கொடுத்தே கடை ஓடியது. ஆனால் என்னை நான் பெரிய வியாபாரி என்று நினைத்துக்கொண்டதற்குக் காரணம் வேறு. உரியவர்கள் புதுப்பிக்க மறந்த இணையப் பெயர்களைப் பிடித்து விற்பதுதான் அது.

இணையத்தளத்தின் பெயரை யாரும் ஒரேயடியாக வாங்கிவிட முடியாது. தவணை முடிய முடியப் புதுப்பிக்க வேண்டும். மறந்தால் பதிவு செய்யும் கம்பெனிக்காரர்கள் இரண்டு மூன்று மாதம் இழுத்தடிப்பார்கள். பிறகு ஒரு நாள், குறித்த நேரத்தில், பெயர் பொதுவுக்கு விழும். முதலில் கேட்பவனுக்கு அது சொந்தம். விழப்போகும் பெயர்களின் பட்டியலைத் தினமும் காலையில் இறக்கி, சின்னதா, சொல்ல எளிதா, வேறு தளங்கள் அதற்கு வழி காட்டுகின்றனவா என்று சலிப்பேன். அந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியம். இந்தத் தொழிலில் நாங்கள் உண்மையில் பிடித்தது பெயரை அல்ல, அந்த வாசலுக்கு வந்து பழகிய ஆட்களை. அவர்கள் கண்ணில் படும்படி விளம்பரம் போடலாம். இல்லாவிட்டால் பழைய சொந்தக்காரருக்கே மரியாதையாக ஒரு கடிதம் எழுதி விலை பேசலாம். கண்டிப் பக்கத்து விடுதிக்காரர் ஒருவர் போனில் என்னைத் திருடன் என்றார். மறந்தது நீங்கள்தானே என்றேன். அந்தப் பதில் அன்றைக்கு எனக்கே ரொம்பப் பிடித்திருந்தது.

அப்போதுதான் டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் பெண் ஒருவர் ஞாயிறுகளில் வர ஆரம்பித்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். பெரியம்மா என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய ஒரே தங்கச்சி, கல்யாணமான கையோடு, தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பிய ஒப்பந்தத்தில், தலைமன்னாரில் கப்பலேறிப் போனவர். முதலில் கடிதம் வந்தது, பிறகு அதுவும் நின்றுபோனது. அப்படிப் பிரிந்த குடும்பங்கள் ஒன்றையொன்று தேடுவதற்காக, ஹட்டனில் படிப்பித்த யாழ்ப்பாணத்து ஆசிரியர் ஒருவர் ஒரு தளம் நடத்தினார். பெரியம்மாவின் படத்தையும் விவரத்தையும் நான்தான் அதில் ஏற்றிக் கொடுத்தேன். எட்டு மாதம் கழித்து, நீலகிரியில் உள்ள கோத்தகிரியிலிருந்து யாரோ அடித்துக் கொடுத்த பதில் அந்தத் தளத்தில் வந்தது. தங்கச்சிதான். இருக்கிற வீட்டைக் காலி செய்யப் போகிறோம், புது விலாசம் கிடைத்ததும் இதே இடத்தில் எழுதுகிறேன் என்று இருந்தது. பெரியம்மா அதை மூன்று தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். நானும் அழுதேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

அடுத்த மாதம் தளம் திறக்கவில்லை. ஆசிரியர் வெளிநாடு போய்விட்டிருந்தார். அவருக்கு எழுதிய மெயில்கள் திரும்பி வந்தன. பெயரைப் புதுப்பிக்க அவர் ஒருவரால்தான் முடியும். எனக்கோ உள்ளூரச் சந்தோஷம். கவலைப்படாதீங்க பெரியம்மா, இதுதான் என் தொழிலே என்றேன். பட்டியலைப் பார்த்து நாளையும் கண்டுபிடித்தேன். சித்திரைப் புத்தாண்டு விடுமுறை முடிந்த மறுவாரம் விழ இருந்தது. அந்த வகைப் பெயர்கள் விழும் நேரம் என் கொப்பியின் முதல் பக்கத்திலேயே இருந்தது: இரவு எட்டரை.

அந்த வருடப் புத்தாண்டோடுதான் அரசாங்கம் கடிகாரத்தை அரை மணி பின்னுக்கு வைத்தது. அதற்கு முந்திய பத்து வருடமாக நாட்டில் இரண்டு நேரம். பஸ்ஸுக்கும் ஆபீசுக்கும் அரை மணி கூட்டிய புதிய நேரம், கோயிலுக்கும் நல்ல காரியத்துக்கும் பழைய நேரம். எங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரம் கடைசிவரை பழைய நேரத்தில்தான் ஓடியது. அரசாங்கமே சாமி நேரத்துக்கு வந்துவிட்டது என்று வீட்டில் கேலி பேசினேன். கடைக்கு வந்து சுவரிலும் நாலு கம்ப்யூட்டரிலும் ஒரு நிமிடம் பிசகாமல் மாற்றினேன். கொப்பியில் இருந்தது அந்தக் கூட்டிய நேரத்துக் கணக்கு என்பது எனக்கு உறைக்கவில்லை. பெயர்களை விடுவிப்பது அமெரிக்காவில்; அங்கே யாரும் நமக்காகக் கடிகாரத்தைத் திருப்பப்போவதில்லை. எட்டரை என்பது இனி எட்டு.

எட்டு பத்துக்கு வந்து உட்கார்ந்தேன். இருபது நிமிடம் இருக்கிறதே என்று கீழேயிருந்து ஒரு பிளேன்டீ வரவழைத்து, ஊதி ஊதிக் குடித்தேன். லைனும் அன்று நன்றாகவே இருந்தது. எட்டு இருபத்தைந்துக்குத் தேடிப் பார்த்தால் பெயர் போயிருந்தது. பதிவான நேரம் எட்டு மணி, சில விநாடிகள். நேரத்தோடு உட்கார்ந்திருந்தாலும் இயந்திரம் வைத்துப் பிடிப்பவனோடு என்னால் ஓடியிருக்க முடியுமா என்று தெரியாது. அந்த நியாயத்தை எனக்கு நானே பல தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். பிளேன்டீ குடித்தது மட்டும் மறக்கமாட்டேன் என்கிறது.

மறுநாள் அந்த முகவரியைத் திறந்தால் உடம்பு இளைக்கும் மாத்திரைக்கும் சீட்டாட்டத்துக்கும் விளம்பரம். வாங்கியவருக்கு எல்லாவற்றையும் விளக்கி எழுதினேன். இரண்டு பெண்கள், ஒரு கடல், தங்கச்சி எழுதுவதாகச் சொன்ன ஒரு விலாசம் என்று என் ஆங்கிலத்துக்கு எட்டியவரை கெஞ்சினேன். மூன்று வரியில் பதில் வந்தது. தங்கள் ஆர்வத்துக்கு நன்றி, தக்க விலை சொன்னால் பரிசீலிக்கிறோம். விடுதிக்காரருக்கு நான் அனுப்பியதும் ஏறக்குறைய அதே மூன்று வரிதான். நான் எழுதிய விலைக்கு அவர்கள் பதிலே போடவில்லை.

வேறொரு பெயர் எடுத்து, அதே படத்தைப் போட்டு வைத்தேன். அந்த வாசல் யாருக்கும் தெரியாது. பெரியம்மாவிடம் உள்ளதைச் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. பட்டிருந்தால் தேவலை. அதற்குப் பிறகும் ஞாயிறுகளில் வந்து அந்தப் பழைய முகவரியையே திறக்கச் சொல்வார். மாத்திரை விளம்பரத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்ப்பார்.

ஒரு நாள் கேட்டார்.

"தங்கச்சி இதுல வந்து பாத்திருப்பாளாங்க தம்பி?"

"பாத்திருப்பாங்க பெரியம்மா."

"பாத்துட்டு, அக்கா செத்துப் போச்சுன்னு நெனைச்சிருப்பாளோ?"

நீலகிரியிலிருந்து யாராவது அந்த வாசலைத் தட்டினார்களா, எந்த நாளில், எத்தனை தடவை என்பதெல்லாம் பெயரை வைத்திருப்பவனுக்குத் தெரியும். நான் பிடித்த பெயர்களுக்கு நானும் தினமும் பார்த்த எண்ணிக்கைதான் அது. ஆட்கள் வந்துகொண்டிருக்கும்வரை அந்தப் பெயரை அவன் விடமாட்டான்.