தவக்காலத்து நடை

என் வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற வாத்தியார். அவரைக் கண்டால் பிள்ளைகளுக்குப் பயம், அவருக்கு ஊசியைக் கண்டால் பயம். பள்ளிக்கூடத்துக்குத் தடுப்பூசி போட வந்தால் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றுகொள்வாராம். அப்படிப்பட்டவரிடம் புதுக்கோட்டை டாக்டர், "சுகர் மாத்திரைக்கு அடங்கல சார். சாப்பாட்ட மாத்துங்க, தினமும் நடங்க. ஈஸ்டர் முடிஞ்சு வாங்க, அப்பவும் இப்படியே இருந்தா இன்சுலின்தான்" என்று சொல்லிவிட்டார். பஸ்ஸில் எங்கள் ஆவூர் வந்து சேரும்வரை மனுஷர் ஊசி போட்ட மாதிரி கையைத் தடவிக்கொண்டே வந்தார். எனக்கே பாவமாகப் போய்விட்டது.

நல்லவேளையாக அந்த வாரமே தவக்காலம் தொடங்கியது. ஈஸ்டர் வரும்வரை எங்கள் வீட்டு அடுப்பில் கறியும் மீனும் ஏறாது. மீமிசலிலிருந்து வண்டியில் பெட்டி கட்டிக்கொண்டு வரும் மீன்காரர்கூட அந்த நாட்களில் எங்கள் தெருவில் ஹாரன் அடிக்காமல் போய்விடுவார். ஆக, சமையல் முழுக்க என் ராஜ்ஜியம். காலையில் முளைகட்டிய பயறு, மதியம் அளவாகச் சாமைச் சோறு, முருங்கைக்கீரை, கொள்ளுத் துவையல் என்று ஆரம்பித்தேன்.

"என்னைய மாடுன்னு நெனச்சிட்டியா? ஒரே எலையும் தழையுமா இருக்கு" என்றார்.

"எந்த மாட்டுக்காவது சுகர் இருக்கான்னு கேட்டுட்டு வாங்க" என்றேன்.

அவர் முறுக்கிக்கொண்டதைப் பார்த்து, ஆலங்குடிப் பக்கமிருந்து வந்த பலாப்பிஞ்சு ஒன்றை வாங்கினேன். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு நறுக்கி, மஞ்சள் போட்டு வேகவைத்து, சோம்பும் மிளகும் சின்ன வெங்காயமும் அரைத்து ஊற்றிச் சுருள வதக்கினேன். ஒரு துண்டை வாயில் போட்டவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். "தவக்காலத்துல என்னடி இது, கறியா?" பலாப்பால் ஒட்டியிருந்த அரிவாள்மணையைக் கொண்டுவந்து காட்டிய பிறகுதான் நம்பினார். அன்று சோற்றைக் குறைத்துக்கொண்டு காயை மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

சாப்பாடு வழிக்கு வந்துவிட்டது, நடைதான் வரவில்லை. எங்கள் ஊரில் ஒருவர் ரோட்டில் நடந்தால் பஸ்ஸை விட்டுவிட்டார் என்றுதான் அர்த்தம். அதிலும் இந்தச் சுற்றுவட்டாரத்தில் பைக் ஓட்டுகிறவர்களில் பாதிப்பேர் இவரிடம் படித்தவர்கள். வாத்தியார் நடக்கும்போது தாண்டிப் போக அவர்களுக்கு மனசு வருமா?

"சார், எங்கிட்டுப் போறீங்க? ஏறுங்க."

"சும்மா நடக்குறேம்ப்பா."

"நான் இருக்கும்போது நீங்க ஏன் சார் நடக்கணும்? ஏறுங்க."

மாட்டேன் என்றால் பிள்ளை மனசு நோகும் என்று ஏறிவிடுவார். அவன் நேராக டீக்கடையில் இறக்கி, சர்க்கரை தூக்கலாக ஒரு டீயும் கூடவே பஜ்ஜியும் வாங்கிக் கொடுப்பான். திரும்பி வர இன்னொருவன் வண்டி. இதென்ன கூத்து என்று ஒருநாள் நானே துணைக்குப் போனேன். என்னையும் ஏற்றிக்கொண்டு போய் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தார்கள். எனக்கு வந்த கோபத்திலும் பஜ்ஜி மட்டும் நன்றாக இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை முடிந்து கோயிலிலிருந்து வரும்போது, வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டு நடந்து போகிற ஒரு கூட்டம், கையில் ஜெபமாலையும் வெறுங்காலுமாக ரோட்டில் எதிரே வந்தது. பைக்குகளெல்லாம் ஒதுங்கி வழிவிட்டன. ஒருவர்கூட "ஏறுங்க" என்று சொல்லவில்லை. எனக்குச் சட்டென்று பொறி தட்டியது. மறுநாள் சாயங்காலம் இவர் கையில் ஜெபமாலையைத் திணித்தேன். செருப்பை மட்டும் கழற்ற விடவில்லை, சுகர்காரர் காலாச்சே.

"ஜெபம் சொல்லாம மாலைய மட்டும் தூக்கிட்டு நடக்கவா?"

"சொல்ல வேண்டியத நான் வீட்ல இருந்து சொல்றேன், நீங்க நடங்க."

வண்டிகள் வந்தன, வேகத்தைக் குறைத்தன, கையைப் பார்த்தன, மரியாதையாக ஒதுங்கிப் போயின. பஜ்ஜி வாசம் இல்லாமல், சட்டையெல்லாம் வியர்வையாக அவர் திரும்பி வந்ததைப் பார்த்து எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

சில நாள் கழித்து ஒரு பைக் நின்றது. பழைய மாணவன்தான். "சார், நீங்க நேந்துக்கிட்டு நடக்குறதாச் சொன்னாங்க. எம் மக பிளஸ் டூ எழுதுது. அதுக்கும் சேத்து ரெண்டு எட்டு நடங்க சார்" என்றான். இவருக்கு இல்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை, ஆமாம் என்று சொல்லவும் வரவில்லை. "சரிப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார். மறுநாள் வாசலில் நின்று பார்த்தேன். மணிகளை உருட்டிக்கொண்டு போனார், உதடும் அசைந்தது.

பிறகு ஊரே வந்தது. ஒருத்திக்கு சிங்கப்பூரில் இருக்கும் மகனுக்கு வேலை நிலைக்க வேண்டும். இன்னொருத்திக்கு மருமகளின் பிரசவம். மாரியம்மன் கோயிலுக்குத் தீ மிதிக்கிற மளிகைக் கடைக்காரர்கூடத் தன் மூட்டுவலியை இவரிடம் ஒப்படைத்துவிட்டார். இத்தனை பேரையும் பக்கத்து முக்குவரை போய்த் திரும்புகிற நடையில் அடக்க முடியவில்லை. அதனால் கண்மாய்க் கரையின் அந்தக் கோடிவரை போக ஆரம்பித்தார்.

ஈஸ்டர் அன்று பலாப்பிஞ்சா கேட்டார்? கறிதான் கேட்டார். ரெண்டே துண்டு வைத்தேன். அந்த வாரம் புதுக்கோட்டைக்குப் போனோம். ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர், "ஊசி வேணாம் சார், நல்லா கொறஞ்சிருக்கு. இன்னைக்கு ஒரு நாள் ரெஸ்ட் எடுங்க, ஒண்ணும் ஆகாது" என்று சிரித்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இவர் டாக்டர் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார்.

சாயங்காலம் சுக்கு மல்லிக் காப்பியோடு வெளியே வந்தால், மனுஷர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். ஆணியில் மாட்டியிருக்கும் ஜெபமாலையைக் காணோம்.

"டாக்டரே ரெஸ்ட் எடுக்கச் சொல்லிட்டாருல்ல, இன்னைக்காவது உக்காருங்களேன்" என்றேன்.

"எனக்கு வந்துருச்சு. அந்தப் புள்ளைக்கு ரிசல்ட் இன்னும் வரலையே" என்று சொல்லிவிட்டு, கண்மாய்ப் பக்கம் திரும்பி நடந்தார்.