வாசலுக்கு ஒரு பலகை

நான் வாடகைக்கு இருக்கும் வீட்டு வாசலில் நகராட்சி சாக்கடைக்குக் குழி வெட்டிப் போட்டிருக்கிறது.

"இப்படி இருந்தா வீட்டுக்கு யாருங்க வருவாங்க?" என்று காலையில் மேஸ்திரியிடம் சண்டை போட்டேன்.

"குடியிருக்கறவங்க சொன்னா ஆவாதுங்க. ஊட்டுக்காரரைப் பேசச் சொல்லுங்க."

மண் அள்ளிக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்தார். "ஒரே பலகைதான் மிச்சமிருக்குது சாமி. உன்ற ஊட்டுக்கு ஒரம்பரை, விருந்தாளி யாராச்சும் வாராங்களா? வந்தா உனக்கே போட்டுடறேன்."

"வராங்கக்கா."

போட்டுவிட்டார்.

சாயங்காலம் அக்கா வேலை முடித்துக் கிளம்பும்போது, "இன்னும் வரலீங்களா?" என்றார்.

"பஸ் சங்ககிரி தாண்டிருச்சாம்" என்றேன்.

குழி வெட்டுவதற்கு முன்பும் இந்த வாசலுக்கு விருந்தாளி என்று யாரும் வந்ததில்லை.

பலகை உறுதியாகத்தான் இருக்கிறது. நானே நடந்து பார்த்துவிட்டேன். யாராவது ஒருவர் வாங்க. அந்த அக்கா நாளைக்கும் கேட்பார்.