சைரன் ஓய்ந்த வீடு

அந்தத் தெருவில் அவளுக்கு 'சைரன்' என்று பேர். வைத்தவர் யாரென்று அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அவர் இன்னும் அந்தத் தெருவில் குடியிருக்க முடியாது. சட்டை தைக்கும் கம்பெனியில் செக்கர் வேலை. காலர் கோணலா, பட்டன் தொங்குகிறதா என்று பார்த்துத் திருப்பி அனுப்ப வேண்டும். குறை கண்டுபிடிக்க இவளுக்குச் சம்பளம் வேறு தருகிறார்களே என்று புருஷன் கிண்டல் செய்வான். அத்தனை மெஷின் சத்தத்துக்கு மேலே அவள் குரல் கடைசி வரிசை வரைக்கும் போகும். வீட்டுக்கு வந்தாலும் அந்தக் குரலுக்கு ஓய்வு கிடையாது.

புருஷன் உயரமான கட்டடங்களின் வெளிச்சுவருக்குப் பெயின்ட் அடிப்பவன். மொட்டை மாடியிலிருந்து இரண்டு கயிறு, கயிற்றில் ஒரு பலகை, பலகையில் அவன். இடுப்பில் பெல்ட் மாட்டி அதைத் தனிக் கயிற்றில் கோத்துக்கொண்டால், பலகை நழுவினாலும் ஆள் தப்பிப்பான். பெல்ட் இடுப்பை அறுக்கிறது, வேர்க்கிறது, கை நீட்ட முடியவில்லை என்று அவனுக்கு ஆயிரம் சாக்கு. தினமும் காலையில் அவள் வாசலை மறித்துக்கொண்டு நிற்பாள்.

"ஏங்க, பெல்ட் எங்கங்க? மேல இருந்து விழுந்தா அள்ளிட்டு வர நான் வாளியோட வரணுமாங்க?"

'ங்க' ஒன்று குறையாமல் திட்டுவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. அவன் முணுமுணுத்துக்கொண்டே ஆணியிலிருந்து பெல்ட்டை எடுத்துப் பையில் திணிப்பான். கல்யாணமான நாள் முதல் இதுதான் அந்த வீட்டின் காலை ஜெபம்.

ஒருமுறை சபையில் எல்லாரையும் இரண்டு நாள் தியானத்துக்கு அழைத்துப் போனார்கள். ஊருக்கு வெளியே ஒரு பள்ளிக்கூட ஹால். இரண்டாம் நாள் மதியம் யாரும் பேசக் கூடாது என்றார் பாஸ்டர். அவளுக்கு அதைவிடப் பெரிய தண்டனை வேண்டுமா? ஜன்னலோரம் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவளுக்குத் திடீரென்று அது நடந்தது. வெளிச்சமோ குரலோ ஒன்றும் இல்லை. யாரோ மிக அருகில் வந்து உட்கார்ந்து, அவள் வாயைத் திறக்கும் முன்பே எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டது போல இருந்தது. அவ்வளவுதான். கத்தினால்தான் தட்டில் சாப்பாடு விழும் என்கிற பெரிய குடும்பத்தில் வளர்ந்தவள் அவள். கத்தாமலே தன்னைக் கேட்க ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்ததும் தேம்பித் தேம்பி அழுதாள்.

அதோடு விட்டிருந்தால் வம்பில்லை. மறு ஞாயிறு, ஆண்டவர் தனக்குச் செய்ததை எல்லார் முன்னாலும் சாட்சியாகச் சொல்ல அவளை மேடைக்குக் கூப்பிட்டார்கள். அவளுக்கு எதற்கு மைக்? அதையும் கொடுத்தார்கள்.

"ஆண்டவர் என்னைத் தொட்டுட்டாரு. இனிமே என் வாயிலருந்து ஒரு கடுஞ்சொல் வராது."

இரண்டாவதாகச் சொன்னது அவளே சேர்த்தது. ஹாலில் அப்படி யாரும் அவளிடம் கேட்கவில்லை. மேடை ஏறினால் நாலு வார்த்தை கூடுதலாக வரத்தான் செய்யும். சபையே அல்லேலூயா சொன்னது; கடைசி வரிசையில் அவள் புருஷன் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சபை ஒருவரைப் பாராட்டிவிட்டால் அவர் பாடு திண்டாட்டம்தான். அதன்பின் வரிசையில் முண்டுகிறவனை முறைத்தால்கூட, விசுவாசத்தை விட்டு வழுக்கிய 'பின்மாற்றக்காரி' என்று பேர் வந்துவிடும்.

திங்கட்கிழமை காலை அவன் வேலைக்குக் கிளம்பிக் கதவருகே நின்றான். பெல்ட் ஆணியில் தொங்கியது. அவள் வாயைத் திறந்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டு சமையலறைக்குள் போய்க் கண்ணை மூடி ஜெபித்தாள். அவன் இன்னும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, வெறும் பையோடு போனான்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் கடிகாரச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. தெருவில் விசாரித்தார்கள், உடம்பு சரியில்லையா என்று. நர்சிங் படிக்கும் மகளுக்குத்தான் பொறுக்கவில்லை. "அம்மா, வீடு சாவு வீடு மாதிரி இருக்கும்மா" என்றாள். நாக்கு நுனிக்கு வந்ததை விழுங்கிவிட்டு, "அப்படியெல்லாம் சொல்லக் கூடாதும்மா" என்று அவள் மெதுவாகச் சொன்னாள். அந்தக் குரலைக் கேட்டு மகள் அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

பெல்ட்டின் கொக்கிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சிலந்தி வலை பின்னியது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குப் பகீர் என்றிருக்கும். அந்தப் பயத்தை அவிசுவாசம் என்று நினைத்து, இன்னும் கூடுதல் நேரம் முழங்காலில் நின்றாள். பாவம், பயந்தது அவளுடைய அன்பு என்று எடுத்துச் சொல்ல ஆள் இல்லை.

ஒரு சாயங்காலம் அவன் சாப்பிட ஸ்பூன் கேட்டான். என்றைக்கும் கேட்காதவன். தட்டைப் பிடித்திருந்த கை திரும்பியபோது பார்த்தாள். உள்ளங்கை முழுக்கத் தோல் உரிந்து, கயிறு ஓடிய தடம் சிவந்து கிடந்தது. பலகை எங்கோ சாய்ந்திருக்கிறது, கையால் கயிற்றைப் பிடித்து உயிர் பிழைத்திருக்கிறான். வாயைத் திறந்தால் கத்தல்தான் வரும் என்று அவளுக்குத் தெரியும். மருந்தை எடுத்து வந்து பேசாமல் தடவினாள்.

"ஒண்ணும் கேக்க மாட்டியா?" என்றான்.

"ஆண்டவர் பாத்துக்குவாருங்க."

அவன் கையை இழுத்துக்கொண்டான்.

மறுநாள் விடிந்ததிலிருந்து பேய்க்காற்று. வாசலில் அவள் செருப்பின் மேல் பெல்ட் கிடந்தது. காற்றில் விழுந்திருக்கும் என்று எடுத்துத் திரும்ப ஆணியில் மாட்டினாள். அவன் அதைப் பார்த்துக்கொண்டே படியிறங்கிப் போனான். மகள் வெடித்துவிட்டாள்.

"அது காத்துல விழலம்மா. அப்பாதான் வச்சாரு. முந்தாநாள் உன் தலையணைகிட்ட வச்சாரு, அதையும் எடுத்து மாட்டிட்ட. நீ திட்டுவியான்னு பாக்குறாரு. 'உங்கம்மாவுக்கு நான் வேண்டாதவனா ஆயிட்டேன்'னு சொல்றாரும்மா. வேணும்னேதான் விட்டுட்டுப் போறாரு."

பெல்ட்டைப் பிடுங்கிக்கொண்டு அவள் ஓடினாள். கம்பெனி, சபை, சாட்சி எதுவும் நினைவில் இல்லை.

பன்னிரண்டு மாடிப் புதுக் கட்டடம். கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள். பாதிக்கு மேலே பலகையில் அவன். காற்று பலகையைச் சுவரிலிருந்து பிரித்து இழுத்து, திரும்பக் கொண்டுபோய் மோத வைத்தது. இடுப்பில் ஒன்றும் இல்லை. அவளுக்குக் குரல் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. அந்தக் குரல் அத்தனை மாடியும் ஏறும், சந்தேகமே வேண்டாம். கேட்டால் அவன் திரும்புவான். திரும்பினால் பலகை சாயும். வாழ்நாளில் முதல்முறையாக அவள் வாயை மூடிக்கொள்ள உண்மையான காரணம் ஒன்று இருந்தது.

லிஃப்ட் இன்னும் ஓடவில்லை. படியேறும்போது ஜெபமும் வரவில்லை, வந்ததெல்லாம் வசவு. கூறுகெட்ட மனுஷன், பொண்டாட்டி திட்டலைன்னு சாகப் போற ஆளு உலகத்துல உண்டா என்று மனதுக்குள் கத்திக்கொண்டே ஏறினாள். பாதி வழியில், அன்று ஹாலில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் அதே நெருக்கத்தில் கூடவே ஏறுவது தெரிந்தது. வசவு அத்தனையையும் கேட்டுக்கொண்டு, முகம் சுளிக்காமல். வாயை அடக்கச் சொன்னவர் இவர் இல்லை. இந்த வாயோடுதான் இவளைச் சேர்த்துக்கொண்டார். அது புரிந்தபோது அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை, இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினாள். கைதட்டலுக்காகச் சொன்ன ஒரு வார்த்தைக்குப் புருஷனையே விலையாகக் கொடுக்க இருந்தாள்.

மாடியில் மேஸ்திரியும் இரண்டு ஆட்களும் நின்றார்கள். பலகையின் ஒரு கயிறு கைப்பிடிச் சுவரில் உரசாமலிருக்க வைத்த சாக்குத்துணி காற்றில் விலகியிருந்தது. கயிற்றில் ஒரு புரி ஏற்கனவே அறுந்து நீட்டிக்கொண்டிருந்தது. அவள் கை காட்டிய பிறகுதான் மேஸ்திரி அதைப் பார்த்தார், முகம் வெளுத்துவிட்டது.

"அக்கா, தயவுசெஞ்சு சத்தம் போடாதீங்க" என்றார்.

மற்ற நாளில் அவளிடம் இப்படிச் சொல்லிவிட்டு யாரும் தப்பியதில்லை. இன்று தலையாட்டினாள். தூணில் கட்டிய தனிக் கயிற்றின் நுனியில் பெல்ட்டைக் கோத்து மெல்ல இறக்கினார்கள். அது அவன் முகத்துக்கு நேரே போய் நின்றது. அவன் பிரஷ்ஷை வாளியில் வைத்துவிட்டு அதையே பார்த்தான். பிறகு தோலுரிந்த கையால், தட்டுத்தடுமாறி, இடுப்பில் மாட்டிக் கொக்கியைப் போட்டான்.

உரசிக்கொண்டிருந்த கயிறு அறுந்தது. பலகை ஒரு பக்கமாகத் தலைகுப்புறக் கவிழ, பெயின்ட் வாளி விழுந்துகொண்டே போய்க் கீழே வெடித்தது. அவன் அந்தரத்தில் சுழன்றான். அப்போதும் அவள் கத்தவில்லை. மூன்று ஆண்களோடு நாலாவது ஆளாகக் கயிற்றைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். அவன் உடம்பு சுவரைத் தாண்டி உள்ளே விழுந்து, அவன் முதுகு தரையில் பட்டதைக் கண்ணால் பார்த்த பிறகு சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

"அறிவிருக்காங்க உங்களுக்கு? தலைக்குள்ள என்னங்க வச்சிருக்கீங்க, பெயின்ட்டா? வயசுக்கு வந்த பொண்ண வீட்ல வச்சுக்கிட்டு, ரோசம் கேக்குதாங்க உங்களுக்கு ரோசம்? நீங்க செத்துத் தொலைஞ்சா நான் யாரங்க திட்டுவேன்?"

தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும். மேஸ்திரி நாலடி தள்ளிப் போய் நின்றார். அவன் எழுந்து உட்கார்ந்து, அவள் சேலை நுனியைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

"இத்தனை நாளா எங்க போயிருந்த?" என்றான்.