கேள்வி கேட்க ஓர் ஆள்

பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடியில் சனிக்கிழமைதோறும் எங்களுக்கு வகுப்பு. பாலர் பள்ளியில் உதவியாளராக இருப்பவர்கள் ஆசிரியை ஆவதற்கான சான்றிதழ் வகுப்பு அது. பதினேழு வயதில், ஐந்தாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தியவள் நான். நான் இருக்கும் பண்டமாரானிலிருந்து கிள்ளானுக்கு பஸ், அங்கிருந்து கொமுட்டர் ரயில். மற்ற எல்லாரும் இளம்பெண்கள்.

கடைசியில் ஆளுக்கொரு சின்ன ஆய்வு செய்து, வகுப்பின் முன்னால் நின்று மலாயில் பேச வேண்டும். பேசி முடித்ததும் வகுப்பிலிருந்து ஒருவராவது கேள்வி கேட்க வேண்டும். பதிலுக்குத் தனிப் புள்ளிகள் உண்டு. அவை இல்லாமல் தேறுவது சிரமம். தேறாவிட்டால் நான் கடைசிவரை தட்டு கழுவிப் பாய் விரிக்கும் ஆள்தான்.

பிள்ளைகள் பசியாறும்போது ஏன் மிச்சம் வைக்கிறார்கள் என்பது என் ஆய்வு. அலமாரிக் கண்ணாடியைப் பார்த்துச் சத்தமாகப் பேசிப் பழகினேன். அம்மா இறந்த பிறகு அந்த வீட்டில் அவ்வளவு பேச்சுக் கேட்டதில்லை. பக்கத்து வீட்டுக்காரி கதவைத் தட்டினாள்.

"யாரு அக்கா வந்திருக்காங்க?"

"டிவிம்மா."

பேச்சு மனப்பாடமாகிவிட்டது. கேள்வியை நினைத்துத்தான் பயம். பேச வேண்டிய நாளுக்கு முந்தைய வாரம், வகுப்பில் என் பக்கத்து நாற்காலிப் பெண் தன் தோழியைக் காட்டிச் சொன்னாள்: "அதெல்லாம் முன்னுக்கே பேசி வச்சுக்கணும் ஆன்டி. நான் அவள கேப்பேன், அவ என்னைய கேப்பா. உங்களுக்கு யாரு?"

"ஆள் இருக்கு" என்றேன். உண்மையில் யாரும் இல்லை. 'நீயே கேளேன்' என்று சொல்ல வாய் வரவில்லை. அத்தனை மாதமும் அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

பேச வேண்டிய சனிக்கிழமை, ஸ்லைடை மாற்றி மாற்றிப் பேசினேன். பாலர் பள்ளியில் ஆசிரியை எதிரில் நின்று அதட்டினால் பிள்ளைகள் மீ நூடுல்ஸைச் சாப்பிடாமல் கிளறிக்கொண்டே இருக்கிறார்கள்; பக்கத்தில் உட்கார்ந்து அவளும் சாப்பிட்டால் தட்டு காலியாகிறது. இதைச் சொல்லி முடித்தேன். கேள்வி உண்டா என்று எங்கள் ஆசிரியை மலாயில் கேட்டார். யாரும் கை தூக்கவில்லை. ஆசிரியை புள்ளித்தாளில் எழுதப் பேனாவை எடுத்தார்.

பக்கத்து நாற்காலிப் பெண் வகுப்பைச் சுற்றிப் பார்த்தாள். "யாரு ஆன்டி உங்க ஆளு? தூங்கிட்டாங்களா?"

சிரிப்பு எழுந்தது. "யாரும் இல்லம்மா" என்றேன்.

அவள் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கை தூக்கினாள். மலாயில் கேட்டாள்: சும்மா பக்கத்தில் உட்கார்வதால் பிள்ளை ஏன் சாப்பிட வேண்டும்?

இதற்கு நான் தயார் செய்திருக்கவில்லை. வந்ததைச் சொன்னேன். வீட்டில் நான் தனியாகத்தான் சாப்பிடுகிறேன். சோறு மிச்சம் விழுகிறது. பள்ளியில் பிள்ளைகளோடு உட்காரும் நாள்களில் என் தட்டும் காலியாகிறது. அதற்குமேல் எனக்குத் தெரியாது.

ஆசிரியை புள்ளியை எழுதினார். "லுலுஸ்" என்றார். தேறிவிட்டேன்.

வகுப்பு கலைந்ததும் கீழே வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்குப் போவதாகப் பேசிக்கொண்டார்கள். படிக்கட்டில் அந்தப் பெண் திரும்பி நின்றாள்.

"வாங்க ஆன்டி, சாப்பிட்டுட்டுப் போலாம்."

"இல்லம்மா, டிரெயின் போயிரும்."

"கொமுட்டர்தானே? இன்னொன்னு வரும் லா."

நான் சிரித்துவிட்டு ஸ்டேஷன் பக்கம் நடந்தேன். இன்னொன்று வரும் என்று எனக்கும் தெரியும்.