சல்லியில் நாங்கள் கட்டிய நூலகம்

மூல நிரலை எடுத்து, கட்டி, நிறுவி, ஓட வைப்பதுதான் என் தொழில்; முதல் மூன்றும் என் கையில், நாலாவது கடவுள் கையில். நீங்களும் இதில் மாட்டுப்பட்டவர் என்றால் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருங்கள், உங்களுக்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்கு ஒரு சொல்: பல மென்பொருள்கள் பொதுவாகக் கடன் வாங்கிப் பாவிக்கிற நிரல்களின் தொகுதியை நாங்கள் லைப்ரரி, அதாவது நூலகம் என்போம். புத்தகத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அது ஆயத்தமாகக் கிடைக்காவிட்டால், மூல நிரலைக் கொண்டுபோய் அந்தந்தக் கணினியிலேயே கட்டியெடுக்க வேண்டும். அதற்குள் உங்கள் தலைமயிர் கொட்டிவிடும்.

கொம்புள்ளவர்கள் கடலுக்குப் போகேலாது

சமாதானப் பேச்சு முறிந்து மறுபடியும் சண்டை தொடங்கியிருந்த காலம். நான் லிங்கநகரில் இருந்து சைக்கிளில் போய், துறைமுகத்துக்குக் கிட்ட ரவூப் நானாவின் கணினிக் கடையில் வேலை செய்தேன். ஒரு நாள், டவுணுக்கு வெளியே கடற்கரைக் கிராமமான சல்லியின் மீனவர் சங்கச் செயலாளர் கணேசண்ணை கடைக்கு வந்தார். சங்கத்தில் ஆரோ வெளிநாட்டுக்காரர் அன்பளிப்பாகக் கொடுத்த பழைய கணினி ஒன்று இருந்தது. லினக்ஸ் போட்டது. கடலுக்குப் போகிறவர்கள் கரையில் காட்ட வேண்டிய அனுமதி அட்டைகளை அதில்தான் அச்சடிப்பார்கள். கையால் எழுதினது செல்லாது. ரோட்டை எப்ப பூட்டுவார்கள் என்று தெரியாததால் ஒவ்வொரு கிழமையும் டவுணுக்கு வந்து அடிக்கவும் ஏலாது.

அதுவரை பெயரை ஆங்கிலத்தில் அடித்தார்கள். இனி அடையாள அட்டையில் உள்ளபடி தமிழில் வேண்டும் என்று படையினரிடம் இருந்து புதுக் கட்டளை வந்தது. அங்கேதான் வில்லங்கம். கொம்பை எழுத்துக்கு முன்னால் வைக்க வேண்டும் என்பது அந்தக் கணினிக்குத் தெரியாது, பின்னால் வைத்தது. 'தேவன்' என்று அடித்தால் 'தவேன்' என்று வந்தது. 'சேகர்', 'சகேர்' ஆனார். கரைக் காவலில் நின்ற சென்றிக்காரன் இரண்டு அட்டையையும் ஒத்துப் பார்த்து, பெயர் வேறு என்று ஆட்களைத் திருப்பி அனுப்பினான். கண்ணன், முருகன், சிவா எல்லாம் கடலுக்குப் போனார்கள். பெயரில் கொம்புள்ளவர்கள் கரையில் குந்தியிருந்தார்கள். கணேசண்ணையோடு வந்திருந்த சேகர் ஒரு கிழமையாகத் தண்ணீரில் கால் வைக்கவில்லை. வீட்டில் மச்சான் கொடுக்கிற மீனில்தான் குழம்பு. அவர் அட்டையை என் மேசையில் வைத்தார்.

"பேரை மாத்திறதெண்டா எங்கட அம்மாவிட்டயாவது ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம், தங்கச்சி."

என்ன லைப்ரரி?

தமிழ் எழுத்தை ஒழுங்குபடுத்துகிற நூலகத்தின் மூல நிரலை ஒரு சீடியில் எழுதிக்கொண்டு சல்லிக்குப் புறப்பட்டேன். உப்புவெளி தாண்டுமுன் சோதனைச் சாவடியில் மறித்தார்கள். பையைக் கிளறின சிப்பாய் சீடியைக் கண்டதும் முகம் மலர்ந்தான். என்ன இது என்று கேட்டான். நான் யோசிக்காமல் "லைப்ரரி" என்று சொல்லிவிட்டேன்.

"எத்தனை புத்தகம்?" என்றான். புத்தகம் இல்லை என்றேன். "அப்ப படம்?" அதுவும் இல்லை. "பாட்டு?" இல்லை. கணினி வேலை செய்வதற்கு எழுதின நிரல் என்று எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் விளங்கப்படுத்தினேன். அவன் சீடியை வெயிலில் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தான். இன்னொருவனைக் கூப்பிட்டுக் காட்டினான். அவனும் பார்த்தான். என்னைச் சந்தேகப்பட்டிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். இரண்டு பேரும் என்னை இரக்கத்தோடு பார்த்தார்கள். முதல் சிப்பாய், தங்கச்சி என்று சிங்களத்தில் கூப்பிட்டுக் கேட்டான்.

"புத்தகம் இல்ல, படம் இல்ல, பாட்டும் இல்ல. பிறகு என்னத்துக்கு நங்கி இந்த வெயில்ல கொண்டு போறது?"

பெட்டிக்குள் சோதனை

சங்கத்தின் அறையில் நான் வேலையைத் தொடங்க, கரையில் நின்ற கொம்புக்காரர் எல்லோரும் உள்ளே வந்து என் முதுகுக்குப் பின்னால் நின்றார்கள். கட்டுவதற்கு முன் அந்தக் கணினியில் என்னென்ன இருக்கிறது என்று பார்க்க ஒரு கட்டளை கொடுப்போம், உங்களுக்குத் தெரியும். திரையில் 'செக்கிங்', 'செக்கிங்' என்று வரிவரியாக ஓடத் தொடங்கியது. அது இருக்கோ, ஓம். இது இருக்கோ, ஓம்.

தேவன் என்கிற தேவண்ணை ஆங்கிலம் எழுத்துக் கூட்டி வாசிப்பார். முதல் சொல்லைக் கண்டுபிடித்து உரக்க வாசித்தார். அடுத்த வரியிலும் அதே சொல். அதற்கடுத்ததிலும். கடைசியில் 'இல்லை' என்று ஒரு வரி வந்து எல்லாம் நின்றுவிட்டது. இந்த நூலகத்தைக் கட்ட வேறொரு நூலகம் வேண்டுமாம். அது அங்கே இல்லை. நான் தலையில் கை வைத்தேன். தேவண்ணைக்கு ஒரு ஆச்சரியமும் இல்லை.

"ரோட்டிலயும் செக்கிங், கரையிலயும் செக்கிங், இப்ப பெட்டிக்குள்ளயும் செக்கிங். இவங்கள் எங்களைத் திருப்பி அனுப்பாமல் விட மாட்டாங்கள்."

நானாவின் கண்ணீர்

இல்லாத அந்த நூலகத்தை இணையத்தில் இருந்து இறக்க வேண்டும். கடையில் தொலைபேசிக் கம்பி வழியாகத்தான் இணையம். இறக்கும்போது ஆராவது ரிசீவரைத் தூக்கினால் அறுந்துவிடும், முதலில் இருந்து தொடங்க வேண்டும். ரவூப் நானா வாசலில் கதிரையைப் போட்டு, ஒருவரையும் போனுக்குக் கிட்ட விடாமல் காலையில் இருந்து காவல் இருந்தார்.

அன்றைக்கென்று துறைமுகப் பக்கம் பெரிய வெடிச்சத்தம் ஒன்று கேட்டது. ஊர் கொஞ்ச நேரம் அல்லோலப்பட்டது. கிண்ணியாவில் இருந்த நானாவின் மனைவி, சித்தி என்ற பெயரோடு அக்கா முறை சேர்த்து நாங்கள் சித்தி றாத்தா என்று கூப்பிடுகிறவர், கடைக்குப் போன் எடுத்திருக்கிறார். எங்கேஜ். திரும்பத் திரும்ப எடுத்தும் எங்கேஜ். ஆள் மௌத்து, செத்துப்போனார் என்றே முடிவெடுத்து, சொந்தக்காரரைக் கூட்டிக்கொண்டு, அழுதபடி படகில் துறை தாண்டி வந்துவிட்டார். வந்து பார்த்தால் மனிசன் திரைக்கு முன்னால், தொண்ணூறு வீதம் தாண்டிவிட்டது என்று சிரித்துக்கொண்டு இருக்கிறார். றாத்தா அப்படியே நிலத்தில் இருந்து ஒரு மூச்சு அழுதார். பிறகு எழும்பி, ஆள் உயிரோடு இருக்கிறார் என்று உம்மாவுக்குச் சொல்லுவதற்காக, நாங்கள் வாய் திறக்குமுன் ரிசீவரைத் தூக்கினார்.

இணைப்பு அறுந்தது. நானா திரையைப் பார்த்தார், போனைப் பார்த்தார், கண்ணைத் துடைத்தார். றாத்தா என் பக்கம் திரும்பினார்.

"என்ட வாப்பா மௌத்தானண்டுகூட அழாத மனிசன், இஞ்ச பாருங்க புள்ள, போனுக்கு அழுதுட்டு இரிக்கிறாரு!"

வருங்காலத்தில் இருந்து வந்தவை

அடுத்த நாள் ஒருவழியாக இறக்கி, மறுபடியும் சல்லிக்குப் போனேன். இந்த முறை செக்கிங் எல்லாம் ஓம். கட்டுகிற வேலை தொடங்கியது. பழைய கணினி, மெதுவாகத்தான் உருண்டது. பாதியில் மின்சாரம் போனது, அன்றைக்கு வராது என்றும் கதை வந்தது. கணேசண்ணை மாரியம்மன் கோயில் ஜெனரேற்றரைக் கேட்டு எடுத்து வந்தார். அதற்கு மண்ணெண்ணெய் வேண்டும். மண்ணெண்ணெய் அப்போது பங்கீட்டில்தான் கிடைத்தது, அதை நம்பித்தான் வள்ளங்கள். ஆனாலும் கொம்புள்ளவர்களும் இல்லாதவர்களும் தங்கள் பங்கில் போத்தல் போத்தலாகக் கொண்டுவந்து ஊற்றினார்கள். இவ்வளவையும் எரித்துப் போட்டு இது ஓடாவிட்டால் நான் எந்த முகத்தோடு திரும்பிப் போவது?

ஜெனரேற்றர் உறுமியது, கணினி எழும்பியது, உடனே ஒரு முறைப்பாடு. பெட்டிக்குள் கடிகாரத்தை ஓட்டுகிற சின்னப் பற்றரி செத்திருக்கிறது. மின்சாரம் போய் வந்ததும் திகதி பல வருசம் பின்னால் போய்விட்டது. காலையில் நான் வைத்த கோப்புகள் எல்லாம் அதன் கணக்கில் இனிமேல்தான் பிறக்க வேண்டியவை. 'இந்தக் கோப்புகள் வருங்காலத்தைச் சேர்ந்தவை' என்று எழுதிக் காட்டியது. அதை அப்படியே மொழிபெயர்த்துச் சொன்னேன். கணேசண்ணை திரைக்குக் கிட்டக் குனிந்தார்.

"வருங்காலத்தில இருந்து வந்ததெண்டா, சண்டை முடிஞ்சிட்டுதோ எண்டு ஒருக்காக் கேளுங்கோ, பிள்ளை."

பதியாத விருந்தாளி

திகதியைத் திருத்தி, மறுபடி தொடங்கி, பின்னேரம் ஆகும்போது கட்டி முடிந்தது. நிறுவியும் விட்டேன். ஒரு பிழையும் இல்லை. எல்லோரும் கை தட்டினார்கள். அட்டை அடிக்கிற மென்பொருளைத் திறந்தால், 'நூலகம் கிடைக்கவில்லை' என்கிறது. கைதட்டல் நின்றது. சேகர் மெதுவாக வெளியே போய் மணலில் குந்தினார்.

நூலகம் உள்ளேதான் இருக்கிறது, ஆனால் அது வந்திருப்பது கணினிக்குத் தெரியாது. இன்ன இடத்தில் இருக்கிறது என்று இன்னொரு கட்டளையால் அறிவிக்க வேண்டும் என்று விளங்கப்படுத்தினேன். இதுவரை நான் சொன்ன ஒன்றுமே விளங்காத கணேசண்ணைக்கு இது மட்டும் உடனே விளங்கியது. அந்த நாளில் வீட்டில் விருந்தாளி ஒருவர் படுத்தெழும்புவதென்றால்கூடப் பொலிசில் பதிய வேண்டும்.

"இவ்வளவு தூரம் வந்தவர், பதியாமலோ இருந்தவர்? கெதியாப் பதிஞ்சு விடுங்கோ, பிறகு எங்களையும் கொண்டு போவாங்கள்."

சகேருக்கும் ஒன்று

கட்டளையைக் கொடுத்தேன். கொம்பு நகர்ந்து 'ச'வுக்கு முன்னால் போய் நின்றது. அச்சில் வந்த அட்டையைச் சேகர் இரண்டு கையாலும் வாங்கி, தன் பெயரை எழுத்தெழுத்தாக வாசித்தார். பிறகு மனைவியிடம் காட்டப் போய்விட்டார்.

மறுநாள் காலை கணேசண்ணையும் சேகரோடு கரைக்குப் போனார், ஏதும் வில்லங்கம் வந்தால் கதைப்பதற்கு. சென்றியில் அதே ஆள். புது அட்டையையும் அடையாள அட்டையையும் ஒத்துப் பார்த்தான். ஒன்றாக இருந்தது. மறுபடியும் பார்த்தான். அப்போதும் ஒன்றாகத்தான் இருந்தது. சேகரைப் போகச் சொல்லிக் கையைக் காட்டினான். வள்ளம் தண்ணீரில் இறங்கிய பிறகு கணேசண்ணையைக் கிட்டக் கூப்பிட்டான். அவன் சொன்னது பகிடியோ உண்மையோ என்று கணேசண்ணைக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

"சேகர் போனது சரி. ஆனா அந்த சகேர் பாவம், ஒவ்வொரு நாளும் வந்து நிக்கிற ஆள். அவருக்கும் ஒரு அட்டை அடிச்சுக் குடுங்க."

ஒரு கொம்பை அதற்குரிய இடத்தில் வைப்பதற்கு இவ்வளவும் செலவாகிற சாமானுக்குத்தான் எங்கள் தொழிலில் இலவச மென்பொருள் என்று பெயர்.